493-இல் நின்றுபோன கணக்கு

ஜார்ஜ் சிஸ்லர் என்று ஒருவர். லூ கெரிக் என்று இன்னொருவர். இரண்டு பேரும் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள். இரண்டு பேரும் முதல் பேஸில் நின்றவர்கள். சிஸ்லர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கியவர். கெரிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். சிஸ்லர் வாழ்நாள் முழுக்க 8,267 தடவை மட்டை பிடித்து 2,812 ஹிட் அடித்தார். கெரிக் 8,001 தடவையில் 2,721. வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே விடை: 0.340. மூன்று தசம இடம் வரைக்கும் ஒட்டிப் பிறந்த மாதிரி.

ஆனாலும் பேஸ்பால் தெரிந்த யாரிடமாவது இந்த இரண்டு பேரும் சமம் என்று சொன்னால் சிரித்துவிடுவார்கள். ஏன் என்று பார்க்கப் போய்த்தான் நான் லூ கெரிக்கின் கதைக்குள் விழுந்தேன். பொறியியல் படிக்கிற எனக்கு எண்களைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பசங்க மாமாக் கடையில் உட்கார்ந்தால் இந்தச் சண்டை எப்படியும் வந்துவிடும். லீ சோங் வெய் பெரியவரா, லின் டான் பெரியவரா? ஒருவர் ஆண்டுக்கணக்காக உலகின் முதல் நிலையில் இருந்தவர், மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளி. மற்றவர் முக்கியமான நாளில் வந்து தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனவர். ஓர் ஆட்டக்காரரை எதை வைத்து அளப்பது? மொத்த வாழ்க்கையை வைத்தா, உச்சத்தில் இருந்த சில வருடங்களை வைத்தா? பேஸ்பாலில் இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. முதல் பேஸ்காரர்களை வைத்துக் கேட்டால் இன்னும் சூடு பிடிக்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பள்ளியில் ரவுண்டர்ஸ் அல்லது சாஃப்ட்பால் விளையாடியிருந்தால் பாதி புரிந்த மாதிரிதான். பந்தை அடித்துவிட்டு நான்கு பேஸைச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலியைத் தாண்டிப் போனால் ஹோம் ரன். அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் இடம் முதல் பேஸ். அங்கே நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரர் மற்றவர்கள் எறியும் பந்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிகம் ஓட வேண்டிய வேலை இல்லை என்பதால் பெரிய உடம்பு, பெரிய அடி உள்ளவர்களை அங்கே நிறுத்துவது வழக்கம். ஆக முதல் பேஸ்காரர் என்றால் அடித்தே ஆக வேண்டும். அடிக்காத முதல் பேஸ்காரரை எந்த அணியும் வைத்துச் சோறு போடாது.

இப்போது எண்கள். சராசரி என்பது எத்தனை தடவையில் எத்தனை ஹிட் என்பது மட்டும். அதில் ஒரு பேஸ் மட்டும் கிடைத்த சின்ன அடிக்கும் வேலி தாண்டிய அடிக்கும் ஒரே மதிப்பு. அதைச் சரி செய்ய வந்ததுதான் ஸ்லக்கிங். ஒரு பேஸ் அடிக்கு 1, இரண்டு பேஸுக்கு 2, மூன்றுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி, மட்டை பிடித்த தடவையால் வகுக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் சிஸ்லரின் வாழ்நாள் எண் 0.468. கெரிக்குடையது 0.632. சிஸ்லர் அடித்த ஹோம் ரன் 102, கெரிக் அடித்தது 493. ஒரே சராசரிக்குள்ளே இவ்வளவு தூரம் ஒளிந்திருக்கிறது.

கெரிக் பிறந்தது 1903 ஜூன் 19, நியூயார்க் நகரத்தில். அப்பா ஹைன்ரிக், அம்மா கிறிஸ்டினா, இருவரும் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிறந்த நான்கு பிள்ளைகளில் பிழைத்தது லூ மட்டும்தான். அப்பா தகரத் தகடு வேலை செய்பவர். பாதி நாள் வேலை இருக்காது, மீதி நாள் உடம்பு சரியிருக்காது. வீட்டைச் சுமந்தது அம்மாதான். பிறர் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, கூட்டித் துடைத்து மகனை வளர்த்தார். மகன் படித்துப் பொறியியலாளர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஒரே கனவு. தோட்டத்திலிருந்து வந்த நம் பாட்டிமார்களை நினைத்துக்கொண்டால் கிறிஸ்டினாவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பருவத்திலேயே ஊர் பேசும் அளவுக்கு அடித்தார் லூ. 1920 ஜூனில் அவருடைய நியூயார்க் பள்ளி அணி சிகாகோ போய் அங்குள்ள பள்ளி அணியுடன் மோதியது. தொழில்முறை அணி விளையாடும் பெரிய மைதானம், பார்க்க வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மூன்று பேஸிலும் ஆள் நிற்க, இந்தப் பதினேழு வயதுப் பையன் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினான்.

கொலம்பியாவில் இடம் கிடைத்தது அமெரிக்கக் கால்பந்து உதவித்தொகையில். அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்றில் அம்மா சமையல் வேலை பார்த்தார். மகன் படிக்கிற இடத்திலேயே அம்மா தட்டு கழுவுகிறார். கூடப் படித்தவர்களில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அந்த வருடங்களை அவர் எப்படித் தள்ளினாரோ, நினைத்தாலே எனக்குக் கழுத்தைப் பிடிக்கிறது. கையில் காசு வேண்டும் என்பதற்காகப் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையில் ஹார்ட்ஃபோர்ட் அணிக்கு வேறு பெயரில் விளையாடினார். ஹென்ரி லூயிஸ் என்பது வைத்துக்கொண்ட பெயர். விஷயம் வெளியே வந்ததும் முதல் வருடம் முழுக்கக் கல்லூரி விளையாட்டுக்குத் தடை.

1923 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில் யாங்கி ஸ்டேடியம் திறப்பு விழா. பேப் ரூத் அங்கே முதல் ஹோம் ரன் அடிக்கிறார். அதே நாள், அதே நகரத்தில், கொலம்பியா மைதானத்தில் கெரிக் பந்து வீசி வில்லியம்ஸ் கல்லூரி அணியின் 17 பேரை வெளியேற்றினார். அப்படியும் கொலம்பியா தோற்றது! ஆனால் யாங்கீஸ் அணிக்கு ஆள் தேடுபவரான பால் கிரிச்செல் இவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் கண் வைத்தது பந்து வீச்சில் இல்லை, மட்டையில். அந்த மாதம் முடிவதற்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. முன்பணம் 1,500 டாலர். வீட்டில் அப்பா அம்மா இருவருக்கும் உடல்நிலை சரியில்லாத நேரம், பணம் தேவை. படிப்பு நின்றது. அம்மாவுக்கு மனசே இல்லை. பந்து விளையாடுவதெல்லாம் ஒரு வேலையா என்பது அவருடைய வாதம். இந்த வாதம் எந்த மொழியில் நடந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல.

இரண்டு வருடம் பெரும்பாலும் சின்ன அணியில். 1925 ஜூன் 1-ஆம் தேதி ஒருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க இறங்கினார். மறுநாள் ஜூன் 2, வாலி பிப் என்ற மூத்த முதல் பேஸ்காரரை உட்கார வைத்துவிட்டு நிர்வாகி மில்லர் ஹக்கின்ஸ் கெரிக்கை நிறுத்தினார். பிப்புக்குத் தலைவலி, லீவு கேட்டார், அதோடு அவர் கதை முடிந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. சுவையான கதை, நான் நம்பவில்லை. அந்த வாரம் அணி தொடர்ந்து உதை வாங்கிக்கொண்டிருந்தது, பிப்பும் அடிக்கவில்லை, நிர்வாகி அன்று பலரை மாற்றினார். பிப் தலையில் பந்து பட்டு மருத்துவமனையில் கிடந்தது அடுத்த மாதம். இரண்டையும் யாரோ ஒட்டிவிட்டார்கள்.

அன்று முதல் 1939 ஏப்ரல் 30 வரை அணியின் ஒரே ஓர் ஆட்டத்தைக்கூடக் கெரிக் விடவில்லை. தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள்.

இந்த எண்ணைச் சொல்லித்தான் எல்லோரும் அவரைப் புகழ்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. 1934 ஜூலையில் முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போனது. மறுநாள் அவர் பெயரை ஷார்ட்ஸ்டாப் இடத்தில், அதுவும் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தார்கள். வந்தார், ஒரு ஹிட் அடித்தார், உடனே வெளியே போய்விட்டார். கணக்குக்கு ஓர் ஆட்டம். தொடரைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடுதான் அது, வேறெப்படிச் சொல்வது? அதற்காக மீதி 2,129 பொய்யாகிவிடாது. பிற்காலத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் அவருடைய கைகளில் பல பழைய எலும்பு முறிவுகள் தானாக ஆறிய தடங்கள் தெரிந்தன. யாரிடமும் சொல்லாமல் விளையாடியிருக்கிறார். ஆனால் வெறுமனே வந்து நின்றதை மட்டும் புகழ்ந்தால் அவர் நின்ற இடத்தில் என்ன செய்தார் என்பது மறைந்துபோகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1927-ஐ எடுத்துக்கொள்வோம். கெரிக்குக்கு 24 வயது. 584 தடவை மட்டை பிடித்து 218 ஹிட். அதில் இரண்டு பேஸ் அடி 52, மூன்று பேஸ் அடி 18, ஹோம் ரன் 47. கூட்டினால் 447 பேஸ். ஸ்லக்கிங் 0.765. சராசரி 0.373. தன் அடியால் ஓட வைத்த ஓட்டங்கள், அதாவது ஆர்பிஐ, 173. ஒரு விஷயம் கவனியுங்கள். கெரிக்குக்கு முன்னால் மட்டை பிடித்தவர் பேப் ரூத். அந்த வருடம் ரூத் 60 ஹோம் ரன் அடித்தார். ரூத் ஹோம் ரன் அடித்தால் பேஸில் நிற்பவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள், அடுத்து வரும் கெரிக்குக்குக் காலி மைதானம்தான். பந்தியில் ரூத் சாப்பிட்டு முடித்த பிறகு உட்கார்ந்து, மிச்சத்திலேயே 173!

செப்டம்பர் தொடக்கம் வரை ஹோம் ரன்னில் இருவரும் ஏறக்குறைய சமமாக வந்தார்கள். அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. கெரிக்கின் மனம் மைதானத்தில் இல்லை. ரூத் அந்த ஒரு மாதத்தில் 17 அடித்து 60-ஐத் தொட்டார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த 60-ஐ. அந்த வருடத்தின் லீக் சிறந்த ஆட்டக்காரர் விருது கெரிக்குக்குத்தான் போனது. ஆனால் முன்பே வாங்கியவர் மறுபடி வாங்க முடியாது என்ற விதி அப்போது இருந்ததால் ரூத் போட்டியிலேயே இல்லை. கிடைத்த பரிசிலும் ஒரு சின்னக் கறை.

இவருடைய ராசி அப்படி. 1928 இறுதித் தொடரில் நான்கே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன், சராசரி 0.545. அதே தொடரில் ரூத் 0.625. 1932 ஜூன் 3 அன்று பிலடெல்பியாவில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கன் லீக்கில் அதைச் செய்த முதல் ஆள். ஐந்தாவதும் போயிருக்கும், வேலிக்குப் பக்கத்தில் அல் சிம்மன்ஸ் பிடித்துவிட்டார். மறுநாள் பேப்பரில் தலைப்புச் செய்தி? நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் ஜான் மெக்ரா முப்பது வருடத்துக்குப் பிறகு பதவி விலகினார் என்பது. அதே வருட இறுதித் தொடரில் சிகாகோவில் ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் அடித்தார் என்ற புராணக் கதை பிறந்தது. அதற்கு அடுத்த பந்திலேயே கெரிக்கும் ஹோம் ரன் அடித்தார். அந்த அடி யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

சம்பளமும் அப்படித்தான். 1930-இல் ரூத்துக்கு 80,000 டாலர். கெரிக் தன் வாழ்நாளில் வாங்கிய அதிகபட்சம் 39,000, அதுவும் 1938-இல்.

சரி, உச்சத்தைப் பற்றிப் பேசினோமே. கெரிக்கோடு நேருக்கு நேர் நிற்கக்கூடியவர் ஜிம்மி ஃபாக்ஸ். 1907-இல் மேரிலாந்து மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பிலடெல்பியா அணிக்காரர். சட்டைக் கையை வெட்டிவிட்டுப் புஜத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாராம். 1932-இல் அவருடைய எண்கள்: சராசரி 0.364, ஹோம் ரன் 58, ஆர்பிஐ 169, ஸ்லக்கிங் 0.749. மறுவருடம் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ மூன்றிலும் லீக்கில் முதலிடம். இதை முக்கிரீடம் என்கிறார்கள். 1938-இல் பாஸ்டன் அணியில் 50 ஹோம் ரன், 175 ஆர்பிஐ. சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று தடவை.

கெரிக்கும் 1934-இல் முக்கிரீடம் எடுத்தார்: 0.363, 49 ஹோம் ரன், 160-க்கு மேல் ஆர்பிஐ. முதுகு பிடித்துக்கொண்டதும் அதே வருடம்தான். மூன்றிலும் முதல் ஆளாக வந்தவருக்கு விருது வாக்கெடுப்பில் கிடைத்த இடம் ஐந்தாவது! வெற்றி பெற்ற டெட்ராய்ட் அணியின் மிக்கி காக்ரேனுக்கு விருது போனது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை. 1936-இல் அந்த விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் ஆர்பிஐயில் அவர் உச்சம் 1931-தான். 185. அமெரிக்கன் லீக்கில் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. பழைய புத்தகங்களில் 184 என்று இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆட்டத் தாள்களைத் தோண்டித் துருவி ஒன்று கூட்டியிருக்கிறார்கள். இப்படி எண்பது வருடம் கழித்தும் ஓர் ஓட்டத்துக்காகச் சண்டை போடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஒரே வருட உச்சம் என்றால் நான் 1927 கெரிக்குக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஹோம் ரன் 11 குறைவுதான், ஆனால் இரண்டு பேஸ், மூன்று பேஸ் அடிகளைக் கூட்டினால் கெரிக் முந்திவிடுகிறார். ஃபாக்ஸ் 438 பேஸ், கெரிக் 447. மட்டை பிடித்ததோ கிட்டத்தட்ட சமம், 585-உம் 584-உம்.

மூன்றாவது ஆளையும் கூப்பிடுவோம். ஹாங்க் கிரீன்பர்க், நியூயார்க்கில் பிறந்த யூதப் பையன். யாங்கீஸ் அணியே அவரைக் கூப்பிட்டது. முதல் பேஸில் கெரிக் நிற்கிறார், எனக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று யோசித்து டெட்ராய்ட் அணிக்குப் போனார். கெட்டிக்காரர். 1938-இல் அவரும் 58 ஹோம் ரன். இவரைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1934 செப்டம்பரில் அணி கோப்பையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது யூதர்களின் யோம் கிப்பூர் விரத நாள் வந்தது. அன்று கிரீன்பர்க் விளையாடவில்லை, கோயிலுக்குப் போனார். ஒன்பது நாளுக்கு முன் வந்த யூதப் புத்தாண்டு அன்று விளையாடி இரண்டு ஹோம் ரன் அடித்து 2-1 என்று ஜெயிக்க வைத்தவர், இந்த நாளை மட்டும் விடவில்லை. யூதர்கள் மேல் வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம், எதிரணியிலிருந்து வசை கேட்காத நாள் இல்லை. தைப்பூசத்தன்று டெஸ்ட் வைத்தால் லெக்சரரிடம் போய்க் கேட்கலாமா வேண்டாமா என்று வாட்ஸ்அப்பில் பத்து நாள் பேசுகிற நமக்கு, அவர் எடுத்த முடிவின் எடை தெரியும்.

கிரீன்பர்க்கின் கணக்கைப் போரும் வெட்டியது. 1941 மே மாதத்தில் ராணுவத்துக்குப் போனவர் 1945 ஜூலையில்தான் திரும்பினார். நான்கு வருடத்துக்கு மேல் போயிற்று. மொத்தம் 1,394 ஆட்டம்தான். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ஆர்பிஐ என்று வகுத்தால், கிரீன்பர்க் 1,274-ஐ 1,394-ஆல்: 0.91. ஃபாக்ஸ் 1,922-ஐ 2,317-ஆல்: 0.83. கெரிக் 1,995-ஐ 2,164-ஆல்: 0.92. மொத்தத்தைப் பார்த்தால் கிரீன்பர்க் ரொம்பப் பின்னால். வீதத்தைப் பார்த்தால் கெரிக்கின் தோளோடு தோள். ஹோம் ரன் வீதத்தில் மூவரும் ஆட்டத்துக்கு 0.23, 0.24 என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கிரீன்பர்க் ஒரு மயிரிழை மேலே.

அப்போ எதை நம்புவது? வாழ்நாள் சராசரி என்பது இளமை, உச்சம், இறக்கம் மூன்றையும் கலந்த கஞ்சி. சிஸ்லரையே பாருங்கள். 1920-இல் 257 ஹிட், 84 வருடம் நின்ற சாதனை, 2004-இல் இச்சிரோதான் உடைத்தார். 1922-இல் சராசரி 0.420, தொடர்ந்து 41 ஆட்டத்தில் ஹிட். பிறகு சைனஸ் தொற்று கண் நரம்பைத் தாக்கி, பொருள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. 1923 முழுக்க வீட்டில். அதற்கு முன் அவர் சராசரி 0.361, அதற்குப் பின் 0.320. இந்த இரண்டு ஆட்களையும் கலந்தால் வருவது 0.340. உண்மையில் அந்த 0.340 என்ற மனிதர் ஒரு நாளும் மைதானத்தில் இறங்கியதே இல்லை. நம் காலத்து ஆல்பர்ட் புஹோல்ஸும் இதே கதைதான். முதல் பத்து வருடத்தில் 0.331, ஓய்வு பெறும்போது 0.296. ஆனால் தொடர்ந்து ஆடியதால்தான் 703 ஹோம் ரன் கைக்கு வந்தது. இறக்கத்தில் ஆடினால் சராசரி குறையும், மொத்தம் கூடும்.

கெரிக்கின் கணக்கில் இறக்கம் என்ற பகுதியே இல்லை. அதனால் சராசரி தப்பித்தது, மொத்தம் மாட்டிக்கொண்டது. 500-க்கு ஏழு குறைவாக 493. 2,000-க்கு ஐந்து குறைவாக 1,995. இந்த இரண்டு எண்ணையும் பார்க்கும்போதெல்லாம் யாரோ வாக்கியத்தின் நடுவில் எழுந்து போன மாதிரி இருக்கிறது.

எழுந்து போனது இப்படித்தான். 1933-இல் எலனோர் என்ற சிகாகோப் பெண்ணைக் கல்யாணம் செய்தார் கெரிக். அதுவரை அம்மா பிள்ளை. அம்மாவுக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை, அது இன்னொரு பெரிய கதை. அம்மா ஏதோ சொல்லப்போய் ரூத் குடும்பத்தோடும் மனஸ்தாபம். ஒரே அணியில் தோளோடு தோள் நின்ற இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வருடக்கணக்கில்.

1938-இல் 0.295, 29 ஹோம் ரன், 114 ஆர்பிஐ. வேறொருவருக்கு இது கொண்டாட வேண்டிய வருடம். ஆனால் அதற்கு முந்தைய வருடம் வரை அவருடைய வாழ்நாள் சராசரி 0.344. முன்பு பறந்த பந்துகள் இப்போது வேலிக்கு முன்னாலேயே இறங்கின. வயசாகிறது என்றார்கள். நோய் அப்போதே உள்ளே வந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் பல மருத்துவர்கள் கருதினார்கள். அப்படியென்றால் தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த உடம்போடு ஒருவர் 29 ஹோம் ரன் அடித்திருக்கிறார். பட்டியலில் 1938-ஐப் பார்த்து இறக்கம் என்று தாண்டிப் போக என்னால் முடியவில்லை. அவருடைய உச்சம் எது என்று கேட்டால், 1927-க்குப் பக்கத்திலேயே இதையும் வைப்பேன். எந்தச் சூத்திரமும் இதை ஒத்துக்கொள்ளாது, தெரியும்.

1939 வசந்தத்தில் மறைக்க முடியவில்லை. எட்டு ஆட்டத்தில் 28 தடவை மட்டை பிடித்து நான்கே ஹிட். 0.143. சாதாரணமாக ஒரு பந்தைப் பிடித்து பேஸில் கால் வைத்ததற்கே சக ஆட்டக்காரர்கள் வந்து பாராட்டினார்களாம். பாராட்டு வந்த அன்றுதான் அவருக்கு முடிவு தெரிந்தது என்கிறார்கள். மே 2, டெட்ராய்ட். நிர்வாகி ஜோ மெக்கார்த்தியிடம் தானே போய், அணியின் நன்மைக்காக என்னை உட்கார வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். யாரும் அவரை நீக்கவில்லை. நீக்க யாருக்கும் துணிவும் இல்லை. தலைவர் என்ற முறையில் தன் பெயர் இல்லாத பட்டியலைத் தானே நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று யாங்கீஸ் 22-2 என்று ஜெயித்தது.

மினசோட்டாவில் உள்ள மேயோ மருத்துவமனையில் பரிசோதனை. முடிவு வந்தது ஜூன் 19, அவருடைய 36-வது பிறந்தநாள். ஏஎல்எஸ் என்று சுருக்கிச் சொல்லும் நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகும். கை, கால், பிறகு பேச்சு, விழுங்குவது, மூச்சு. அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், அதுதான் கொடுமை. ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்தது இதுதான். 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டார்களே, அது இதற்குத்தான். அமெரிக்காவில் இன்றும் பலர் இதை லூ கெரிக் நோய் என்றே சொல்கிறார்கள்.

ஜூலை 4 அன்று இரண்டு ஆட்டத்துக்கு நடுவே யாங்கி ஸ்டேடியத்தில் அவருக்கு மரியாதை. 61,808 பேர். பரிசுகளைக் கையில் வைத்திருக்க வலு இல்லாமல் ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். பேச மனமில்லை, வற்புறுத்தியதால் பேசினார். கையில் தாள் இல்லை. தனக்கு வந்த துரதிர்ஷ்டத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டு, தான் எவ்வளவு கொடுத்து வைத்தவன் என்பதைத்தான் பேசினார். சக ஆட்டக்காரர்கள், எதிரணி, மைதானத்தைப் பராமரிப்பவர்கள், உடம்பை உழைப்பாகத் தந்து படிக்க வைத்த அப்பா அம்மா, மனைவி என்று ஒவ்வொருவருக்கும் நன்றி. தன் மகளோடு சண்டை வரும்போது மருமகன் பக்கம் நிற்கும் மாமியாருக்கும் ஒரு நன்றி! பேசி முடித்ததும் ரூத் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் போட்டிருந்த 4-ஆம் எண்ணை இனி யாரும் போடுவதில்லை என்று அணி அறிவித்தது. பெரிய லீக்கில் ஓர் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது அதுதான் முதல் முறை. டிசம்பரில், காத்திருப்புக் காலம் எதுவும் இல்லாமல், புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்தது பலருக்குத் தெரியாது. நிறையப் பணம் தரும் அழைப்புகள் வந்தன. நியூயார்க் மேயர் லா கார்டியா கேட்டுக்கொண்டதால் நகரத்தின் பரோல் ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்தார், 1940 ஜனவரியில். கைதிகளை வெளியே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு. அந்தப் பதவிக்கு நகரத்துக்குள் வசிக்க வேண்டும் என்பது விதி, அதற்காக வீட்டையே மாற்றினார். தினமும் ஆபீஸ். சிறைகளுக்குப் போய்ப் பார்த்தார், பேப்பர்காரர்கள் கூட வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர் முன்னால் வந்த முரட்டுப் பையன்களில் ஒருவன் ராக்கி கிராசியானோ. அவனை விடாமல் மறுபடி சீர்திருத்தப் பள்ளிக்கே அனுப்பினார் கெரிக். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போன அந்தப் பையன் 1947-இல் குத்துச்சண்டையில் உலக சாம்பியன் ஆனான். கை ஓயவும் கையெழுத்துப் போட எலனோர் உதவினார். நடக்கவே முடியாமல் போகும் வரை, சாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு வரை, அந்த வேலையை விடவில்லை.

1941 ஜூன் 2 இரவு, 37 வயதில் இறந்தார். பிப்பின் இடத்தில் போய் நின்ற நாளிலிருந்து சரியாக 16 வருடம். எலனோர் 1984 வரை இருந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2,130-ஐ 1995-இல் கால் ரிப்கென் தாண்டினார்.

கெரிக் இறந்த அந்த வாரத்தில் கிரீன்பர்க் ராணுவ முகாமில் இருந்தார். ஃபாக்ஸ் பாஸ்டனில் இன்னமும் ஆடிக்கொண்டிருந்தார். முந்தைய வருடமே 493-ஐத் தாண்டி, 1940 செப்டம்பரில் 500-ஐயும் தொட்டுவிட்டார், அப்போது வயது 32. 1941-இல் அவருக்கு 105 ஆர்பிஐ. நூறுக்கு மேல் தொடர்ந்து பதின்மூன்றாவது வருடம். கெரிக்கும் 1926 முதல் 1938 வரை அதே பதின்மூன்று. பதினான்காவதற்கு ஃபாக்ஸுக்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் குடியும் உடல்நலக் குறைவும் அதற்குள் அவரைப் பிடித்துவிட்டன. அந்த 1941-க்குப் பிறகு அவர் மொத்தமாக அடித்த ஹோம் ரன் 15.